எடையைக் குறைக்க ஆபரேஷன்: யாருக்குத் தேவை? யாருக்கு வேண்டாம்?

ஹவுராவில் புறப்படும் சென்னை மெயிலிலும், ஷாலிமாரில் கிளம்பும் கோரமண்டல் எக்ஸ்பிரசிலும் நோயாளிகளைப் பார்க்காத நாள் இல்லை. வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்குப் போகும் வங்காளிக் குடும்பங்கள் அவை. ஹவுரா, சாந்த்ராகாச்சி, சிப்பூர் பகுதித் தமிழர்களுக்கோ ஊர்ப்பாசமும் சேர்ந்து கொள்கிறது. பெரிய ஆபரேஷன் என்றால் சொந்த பந்தங்கள் அருகில் இருக்கச் செய்து கொள்வதுதான் மனதுக்குத் தெம்பு. ஆனால் உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷன் விஷயத்தில் மட்டும் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்காகச் சேர்ந்து உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி, அந்த ஆஸ்பத்திரியின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அந்தச் செய்தி பலரைப் பயமுறுத்தி விட்டது. மறுபக்கம், 2011-ல் இதே வகை ஆபரேஷன் செய்து கொண்ட நிதின் கட்காரி பிறகு பல ஆண்டுகள் மத்திய மந்திரியாக ஊர் ஊராகச் சுற்றி வந்தார். இரண்டு செய்திகளில் எதை நம்புவது?

யாருக்கு?

கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதற்கு உடல் நிறை குறியீடு என்று பெயர். இது 40-க்கு மேல் இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை வியாதி போன்ற தொல்லைகளும் இருந்தால் ஆபரேஷன் செய்யலாம் என்று அமெரிக்க நிபுணர்கள் 1991-ல் வரையறுத்தார்கள். 5 அடி 3 அங்குலம் உயரம் உள்ள ஒருவருக்கு 40 என்பது சுமார் 102 கிலோ. 35 என்பது சுமார் 90 கிலோ. 2022-ல் உலக அளவிலான சங்கங்கள் இந்த வரம்பைத் தளர்த்தின. ஆசிய நாட்டினருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதி வந்து விடுவதால், அவர்களுக்கு இன்னும் கீழான வரம்பு சொல்லப்படுகிறது.

கல்யாணத்துக்கு முன் பத்து கிலோ குறைய வேண்டும் என்பவர்களுக்கான வைத்தியம் அல்ல இது.

"வாயைக் கட்டத் தெரியாதவர்கள் கத்தியைத் தேடுகிறார்கள்" என்று ஏளனம் செய்வோர் உண்டு. அது நியாயம் அல்ல. மிக அதிகமாக எடை ஏறிவிட்ட உடம்பு, குறைத்த எடையைத் திரும்பப் பிடிக்கவே பார்க்கும்; பசி கூடும், உடம்பு எரிக்கும் சக்தி குறையும். சுவீடனில் 1987-ல் தொடங்கி சுமார் 4,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஆபரேஷன் இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் சராசரியாக 3 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2020-ல் கணக்கு வெளியானது. ஆனாலும் பொதுமக்களின் ஆயுளை அவர்கள் எட்டவில்லை. 5 ஆண்டுக்கு மேல் குறைவாகவே இருந்தது. விளம்பரங்களில் இந்த இரண்டாவது பாதி வருவதில்லை!

ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் 10 ஆஸ்பத்திரிகளில் 4,700-க்கு மேற்பட்டவர்களைக் கவனித்ததில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 3 பேர். அது அனுபவம் மிக்க டாக்டர்களும், தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடங்களின் கணக்கு. மயக்க மருந்து நிபுணரையும் அவசர வசதிகளையும் விசாரிக்காமல், கட்டணம் குறைவு என்று ஓர் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ரசகுல்லாவுக்கு விடை

இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியைக் குழாய் போல் ஆக்குவது ஒரு முறை. இரைப்பையைச் சிறு பை அளவுக்குப் பிரித்து, குடலை நேராக அதில் இணைப்பது இன்னொரு முறை. இரண்டிலும் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து விடும். பசியைத் தூண்டும் சுரப்புகளும் மாறுகின்றன.

அதன் பின் வாழ்க்கையே வேறு. நன்றாக மென்று, சிறிது சிறிதாகத்தான் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. குடலை மாற்றி இணைத்தவர் ரசகுல்லாவையோ மிஷ்டி தொய்யையோ ஆசையாகச் சாப்பிட்டால், சற்று நேரத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று படுத்த வேண்டியிருக்கும். குழாய் முறையில் சிலருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகும். பித்தப்பையில் கல் வரலாம். இரும்புச் சத்து, கால்சியம், பி12 வைட்டமின் ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுத்துக் கொள்ள வேண்டும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 ஏற்கனவே குறைவு என்பதால் அலட்சியம் கூடவே கூடாது, நரம்பையே பாதிக்கும். பெண்கள் குறைந்தது ஓர் ஆண்டாவது கர்ப்பத்தைத் தள்ளிப் போட வேண்டும்.

எனவே முதல் ஆண்டில் பல முறையும், பிறகு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் டாக்டர் ஆலோசனையும் அவசியம். இங்கேதான் சென்னைப் பயணம் இடிக்கிறது. தையல் பிரித்ததும் 1,660 கிலோ மீட்டர் தாண்டி ஹவுரா திரும்பி விட்டால், மூன்றாம் மாதம் தொடர்ந்து வாந்தி வந்தால் யாரிடம் போவது? கொல்கத்தாவிலேயே இந்த ஆபரேஷன் நடக்கிறது. ஊரில்தான் செய்வது என்று முடிவு செய்தாலும், பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தொடர்ந்து கவனிக்கச் சம்மதிக்கும் ஒரு டாக்டரை முதலிலேயே பார்த்து வைத்துக் கொள்ள வேண்டும். ஆபரேஷன் விவரம் எழுதிய காகிதங்களை ஊரில் விட்டுவிட்டு வரக் கூடாது.

ஊசியும் இன்சூரன்சும்

2025-ல் டிர்செபடைடு, செமாகுளுடைடு ஆகிய வாராந்திர ஊசிகள் எடைக் குறைப்புக்காக இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. 110, 120 கிலோவில் மூட்டு வலியும் மூச்சுத் திணறலும் உள்ளவர், இந்த ஊசியையும் டாக்டரிடம் கேட்டுப் பார்த்த பிறகு ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது நல்லது.

செலவு லட்சக் கணக்கில் போகும். இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படிக்கட்டும். மேலே சொன்ன 40, 35 என்ற எண்களே அதிலும் நிபந்தனையாக இருக்கும். 35-க்காரருக்கு இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை போன்றவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும். மற்ற வழிகளில் எடை குறையவில்லை என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள். ஆகவே உணவுக் கட்டுப்பாட்டு ஆலோசனைக்குப் போன சீட்டுகளை இப்போதே பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. ரெயில்வே ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும், பணம் கட்டும் முன் தங்கள் ரெயில்வே ஆஸ்பத்திரியில் விசாரித்து விட வேண்டும்.