பழுதோடு பறக்கப் பத்து நாள் தவணை

2022 ஜூலை 28-க்குப் பிறகு விமானங்கள் ரத்தாகுமா, பொறியாளர் பார்க்காத விமானத்திலா இத்தனை நாள் பறந்தோம் என்று கேட்டு அப்போது வாசகர் கடிதங்கள் குவிந்தன. விமானப் போக்குவரத்து ஒழுங்காற்று அமைப்பான டிஜிசிஏ, ஜூலை 28-ஐக் கெடுவாக வைத்து 2022 ஜூலை 18 அன்று இட்ட உத்தரவு மூன்று குறைகளைச் சுட்டியது: பழுதின் காரணத்தைச் சரியாகக் கண்டறிவதில்லை, அடுத்தடுத்துக் கிளம்பும் விமானங்களுக்குத் தகுதியான பொறியாளர்கள் போதவில்லை, ‘எம்.இ.எல்.’ சலுகையில் விடுவிக்கப்படும் விமானங்கள் பெருகுகின்றன. மூன்றாவதுதான் என்னை உறுத்துகிறது.

‘எம்.இ.எல்.’ என்பதன் விரிவான ‘குறைந்தபட்சக் கருவிப் பட்டியல்’ என்ற பெயரைக் கேட்டால், பறக்க அவசியமானவற்றின் பட்டியல் என்றே தோன்றும். உண்மையில், எவையெல்லாம் வேலை செய்யாமலேயே பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது. விமானத்தில் பல கருவிகள் இரண்டு, மூன்றாக இருக்கின்றன. ஒன்று போனால் மற்றது காக்கும். ஆகவே சலுகையில் தவறில்லை, கெடுவுக்குள் சரிசெய்தால். பட்டியல் பழுதுகளைப் பிரிவு பிரிவாக்கிக் கெடு தருகிறது: ‘பி’ பிரிவுப் பழுதுக்கு 3 நாள், ‘சி’க்கு 10, ‘டி’க்கு 120. கண்டுபிடித்த நாள் கணக்கில் சேராது. ‘ஏ’ பிரிவுக்கு மட்டும் கெடு பட்டியலிலேயே தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஏ320 விமானத்தின் வாலில் உள்ள, தரையில் நிற்கும்போது ஏசியை இயக்க உதவும் துணை இன்ஜின் பழுதானாலும் பறக்கலாம். சென்னை வெயிலில் ஏசி இல்லாமல் பயணிகள் வியர்த்துக் காத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ‘சி’ பிரிவுப் பழுதில் பத்தாம் நாள் ஏதோ ஒரு பாகத்தை மாற்றி, ‘சரியானது’ என்று கையெழுத்திடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் அதே பழுது திரும்புகிறது. அதைப் புதுப் பழுதாகப் பதிந்தால் கெடு மீண்டும் முதலிலிருந்து ஓடும். உத்தரவு சொன்ன முதல் குறையும் மூன்றாவதும் சந்திக்கும் இடம் இதுதான். காரணம் தெரியாத பழுது தவணை வாங்கிக்கொண்டே இருக்கும். ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

இரண்டாவது குறையும் இதில்தான் வந்து சேர்கிறது. பராமரிப்புப் பணியாளர்களில் ‘ஏ’ உரிமம் உள்ளவர் தான் செய்த சிறு வேலைக்கு மட்டுமே சான்றளிக்கலாம். இடைநிலையங்களில் அவருக்கே அடிக்கடி ‘ஒருமுறை அனுமதி’ கொடுத்து விமானத்தை விடுவித்திருக்கிறார்கள். ஜூலை 28 முதல் விமானத்தை விடுவிக்க ‘பி1’ அல்லது ‘பி2’ உரிமம் வேண்டும் என்றது உத்தரவு. முன்னது இன்ஜினும் உடற்பகுதியும் அறிந்தவருக்கு, பின்னது மின்னணுக் கருவிகள் அறிந்தவருக்கு.

வாசகர்கள் கேட்டது: ரத்தாகுமா? சிறு நிலையங்களில் தாமதம் வர வாய்ப்பிருந்தது; பொறியாளரை விமானத்திலேயே உடன் அனுப்பவும் வழியிருந்தது.

பழுதுள்ள விமானத்தை விமானி மறுக்கலாமா? மறுக்கலாம்.

பழுதைப் பயணிக்குச் சொல்வார்களா? மாட்டார்கள்.

எந்த நிறுவனம் எத்தனை விமானங்களை ரத்து செய்தது, எத்தனை புகார்கள் வந்தன என்று டிஜிசிஏ மாதந்தோறும் வெளியிடுகிறது. எத்தனை விமானங்கள் தவணையில் பறந்தன, எத்தனை பழுதுகள் திரும்பி வந்தன என்பதையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டும்.