வீண் ஒழித்தலும் விருது வேண்டலும்

பொருட்காட்சியில் ஒரு துணிக்குப் பரிசளிக்கும்போது, செய்து முடித்த பொருளே சோதிக்கப்படுகின்றது. அப்பொருளைச் செய்யும் முறைக்கே பரிசளிப்பது மற்றொரு வகை. பின்னதற்கு விண்ணப்பிப்போர் செய்யவேண்டுவது யாது? குன்னத்தூர்ப் பக்கத்துச் சிறு பனியன் கம்பெனி ஒன்றை மனத்திற்கொண்டு இதனை ஆராய்வோம்.

வீண் நீக்கிய உற்பத்தி முறைக்கு ‘லீன்’ என்னும் பெயரை 1988-ஆம் ஆண்டில் இட்டவர் ஜான் கிராஃப்சிக் என்னும் அமெரிக்கர். முறையோ அதற்கு நெடுநாள் முந்தியது. அதன் வேர் நெசவுத் தொழிலிலேயே உள்ளது. ஜப்பானியரான சாகிச்சி டொயோடா 1924-ஆம் ஆண்டில் முற்றுவித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும். பழுதுபட்ட துணியை மேலும் மேலும் நெய்துகொண்டு போவதினும் நிற்பதே நன்று என்பது அதன் கருத்து. திருப்பூரில் ஓடும் நிட்டிங் யந்திரமும் நூல் அறுந்தால் நிற்கின்றதை நம்மவர் நாடோறும் காண்கின்றனர். அவர் மகன் 1937-ஆம் ஆண்டில் நிறுவிய மோட்டார் கம்பெனியில், தாயிச்சி ஓனோ என்பார் இக்கருத்தைத் தொழிற்சாலை முழுவதற்கும் விரித்தார்.

ஓனோ வகுத்த வீண்கள் ஏழு: வேண்டியதற்கு மேல் செய்தல், காத்திருத்தல், வீணே சுமத்தல், வேண்டாத வேலை, சரக்குத் தேக்கம், வீண் அசைவு, பழுது என்பன. இவற்றுள் முதலாவதே மற்றவற்றை ஈன்று வளர்க்கும் தாய் என்க.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவாம். ஐந்து டெய்லர்கள் வரிசையாக அமர்ந்து, ஒரு பனியனுக்கு ஆளுக்கு ஒரு நிமிஷ வேலை செய்வதாகக் கொள்க. ஐம்பது பனியன்களைக் கட்டாகக் கட்டி, ஒருவர் கட்டு முழுதும் முடித்த பின்னரே அடுத்தவர்க்குத் தருவதாயின், அக்கட்டு வெளிவர 250 நிமிஷம் ஆகும். ஒவ்வொன்றாகக் கைம்மாற்றின் முதற் பனியன் ஐந்தாம் நிமிஷத்திலும், ஐம்பதாவது 54-ஆம் நிமிஷத்திலும் வெளிப்படும். முதல் டெய்லர் செய்த தவறும், கட்டு முறையில் ஐம்பதையும் கெடுத்த பின்னரே தெரியவரும். மற்றை முறையில் இரண்டு மூன்றோடு நின்றுவிடும். ஈண்டு ஒருவர் கையும் விரைந்ததில்லை. ஒழிந்தது துணியின் காத்திருப்பே.

நிற்க. இத்தகைய விருதுகளுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று டெமிங் விருது. அமெரிக்கப் புள்ளியியலறிஞர் டெமிங் 1950-ஆம் ஆண்டில் ஜப்பானிற் செய்த விரிவுரைகள் நூலாக வெளிவந்தபோது, தமக்குரிய தொகையை அவர் ஜப்பானிய விஞ்ஞானிகள் பொறியாளர் சங்கத்திற்கே ஈந்தார். அதனைக்கொண்டு 1951-ஆம் ஆண்டில் இவ்விருது ஏற்படுத்தப்பட்டது. இது தரம் பேணும் முறை முழுமைக்கும் உரியதாயினும், வீண் ஒழித்தலுக்கு நெருங்கிய உறவினது. போட்டியன்று, வகுத்த அளவை எட்டினோர் எத்துணைவராயினும் பெறுவர். விண்ணப்பிக்கும் நிறுவனம் தன் முறைகளை எழுதித் தரும். அவ்வெழுத்தைப் படித்த சோதகர் நேரில் வந்து, மேலாளரையும் தொழிலாளரையும் வினவி, எழுதியதும் நடப்பதும் ஒன்றா என்று காண்பர். சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக்குப் பகுதி 1998-ஆம் ஆண்டில் இதனைப் பெற்று, இந்தியாவில் முதலாவதாயிற்று, டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி 2002-ஆம் ஆண்டில் பெற்றது.

அத்துணைப் பெரிய படியில் முதலிலேயே காலூன்றச் சிறு கம்பெனிக்கு இயலாது. சிறுதொழில்களுக்கென மத்திய அரசாங்கம் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கிய லீன் திட்டம், அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகளை வகுத்துச் சான்றிதழ் அளிக்க ஏற்பட்டது. அதில் முதற் செயல் உறுதிமொழி எடுத்தலே.

எதற்கு விண்ணப்பிப்பினும் மூன்று ஏடுகள் முன்னரே வேண்டும். மாறுதலுக்கு முன் ஒரு மாதத்துப் பழுது, காத்திருப்பு, கட்டிங் கழிவு ஆகியவற்றின் அளவு ஒன்று. செய்த மாறுதலும் அதனைச் சொன்னவர் பெயரும் ஒன்று. மாறுதலுக்குப் பின் அதே அளவு ஒன்று. முன்னளவு இல்லாத விண்ணப்பம், கரை தெரியாத நீச்சல் போன்றது. சோதகர் வரும் வாரத்திற்கு மட்டும் தரையைக் கழுவிச் சுவரில் அட்டை தொங்கவிடுவது, அவ்வேழனுள் ‘வேண்டாத வேலை’யிலேயே சேரும்.

இறுதியாக ஒன்று. வீணைக் காண்பவர் யார்? கத்தரிக்கோல் எட்டாத தூரத்தில் இருப்பது கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும். எந்தத் தையல் அடிக்கடி பிரிகின்றது என்பது செக்கிங் செய்யும் பெண்ணுக்குத் தெரியும். பீஸ் கணக்கில் கூலி பெறுபவர், தாம் சொன்ன யோசனையால் தம் பீஸ் கூலி குறையுமென்றோ, பக்கத்திலிருப்பவர் வேலை போகுமென்றோ அஞ்சினால் வாய் திறவார். மிஞ்சிய பயனில் அவர்க்கும் பங்குண்டு, வேலைக்குக் கேடில்லை என்று முதலாளி முதல் நாளே சொல்லி, சொன்னபடி நிற்றல் வேண்டும். அந்நம்பிக்கை உண்டாயின், விருது வரினும் வாராவிடினும், விண்ணப்பத்தின் பொருட்டுச் செய்த முயற்சி கம்பெனியிலேயே நிலைத்து நிற்கும். அஃது இல்லையாயின், பெற்ற கேடயம் சுவரில் தொங்குமேயன்றித் தொழிலைத் தாங்காது.