சாயக்காரரின் சட்டமும் சுவர் அச்சு இயந்திரமும்

நம்மிடம் ஓதி ஆலிம் பட்டம் பெற்றுச் சென்ற மாணவர் ஒருவர், சென்ற ஷஅபான் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைக் காண வந்தார். அவர் கையில் ஓர் இயந்திரத்தின் விவரப் புத்தகம் இருந்தது. சுவரின் மீது நேரடியாக வண்ணப் படங்களை அச்சிடும் இயந்திரம் அது. இமாமத் பணியில் கிடைக்கும் ஊதியம் குடும்பத்திற்குப் போதவில்லை என்றும், மனைவியின் நகைகளை விற்றும் மைத்துனரிடம் ஒரு தொகை பெற்றும் இதனை வாங்க எண்ணியிருப்பதாகவும் கூறினார். "பள்ளிவாசல்களுக்கு ஆயத்துகள் எழுதிக் கொடுப்பது பரக்கத்தான தொழில்தானே, ஹஜ்ரத்?" என்பது அவருடைய கேள்வி.

அன்றே விடை கூற நம்மால் இயலவில்லை. இயந்திரத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கோ, தாம் ஆண்டுக்கணக்கில் ஓதிய கிதாபுகளிலேயே இத்தொழிலுக்கு வேண்டிய சட்டங்கள் கிடக்கின்றன என்பது நினைவில் இல்லை. ஆகவே, இயந்திரம் இயங்கும் ஓரிடத்திற்கு இருவரும் சென்று பார்த்தோம். திரும்பி வந்து கிதாபுகளைப் புரட்டினோம். அவ்விரண்டிலும் கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் இயந்திரம். வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள அச்சுப்பொறியில் தாள் நகர்கிறது. இங்கே சுவர் நகராது, இயந்திரமே நகர்கிறது. ஆளுயரத்தை விஞ்சிய ஒரு தூண் செங்குத்தாக நிற்கிறது. அதன் அடியில் தண்டவாளமோ சக்கரங்களோ உள்ளன. தூணில் பொருத்தப்பட்ட அச்சுத்தலை மேலும் கீழும் ஓடி ஒரு குறுகிய பட்டையை அச்சிடுகிறது. பின்னர் தூண் சிறிது பக்கவாட்டில் நகர, அடுத்த பட்டை தொடங்குகிறது. அச்சுத்தலைக்கும் சுவருக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். சுவரின் மேடு பள்ளங்களை உணர்கருவி அளந்து சொல்ல, தலை முன்னும் பின்னும் நகர்ந்து அந்த இடைவெளியைக் காத்துக்கொள்கிறது.

அச்சுத்தலையின் நுண்துளைகளுக்குப் பின்னே, மின்னழுத்தம் பட்டால் வடிவம் மாறும் ஒருவகைப் பீங்கான் பொருள் இருக்கிறது. அது துடிக்கும்போதெல்லாம் ஒரு துளி மை தெறிக்கிறது. ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்குகளாகப் பிரித்தால் அவற்றுள் ஒரு சில பங்குகளே அத்துளியின் அளவு. செங்குத்தான சுவரில் அம்மை ஏன் வழிந்தோடுவதில்லை என்று நாம் வியந்தோம். இந்த மை காற்றில் உலர்வதன்று. அச்சுத்தலையோடு சேர்ந்தே ஓடும் விளக்கு, 395 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளமுள்ள புறஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறது. கதிர் பட்டதும் மையிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, நெகிழி போன்ற மெல்லிய படலமாக இறுகிவிடுகின்றன. இறுகாத மை தோலை அரிக்கும். கதிர் கண்ணுக்குக் கேடு. கையுறையும் காப்புக் கண்ணாடியும் இன்றி அருகே நிற்பவர்களையும் அங்கே கண்டோம். அது நமக்கு உவப்பாக இல்லை.

சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளோடு, நிறமுள்ள சுவர்களுக்காக வெள்ளை மையும் உண்டு. தொழிலில் பெருந்தொல்லை தருவது இந்த வெள்ளைதான். அதிலுள்ள டைட்டானியம் டையாக்சைடு கனமான பொருளாதலால் அடியில் படிந்து துளைகளை அடைத்துவிடும். ஓடும் இயந்திரத்தைவிட ஓடாமல் கிடக்கும் இயந்திரமே விரைவில் கெடும் என்றார் அங்கிருந்த இயக்குநர். வேலை தொடர்ந்து கிடைக்குமா என்று கணக்கிடாமல் வாங்குவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சுவரே இத்தொழிலின் பாதி. புதிதாகப் பூசிய சிமெண்டுப் பூச்சு குறைந்தது 28 நாட்களேனும் இறுகி, ஈரமும் வற்றியிருக்க வேண்டும். ஈரம் ஊறும் சுவரில் உப்புப் பூத்து, அச்சிட்ட படலத்தையே பெயர்த்துத் தள்ளிவிடும். பழைய சுண்ணாம்புப் பூச்சின் மீது அச்சிட்டால், மை சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும்; சுண்ணாம்பு சுவரைப் பிடித்துக்கொள்ளாது. பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்த சுவரே ஏற்றது. கண்ணாடிக்கும் பளபளப்பான ஓடுகளுக்கும் ஒட்டுதலுக்கான தனிப்பூச்சு தேவை. பதாகை அச்சு வந்தபோது வாழ்விழந்த சுவர் ஓவியர்கள் நம் ஊர்களில் பலர் உண்டு. சுவரின் குணம் அறிந்தவர்கள் அவர்களே. இயந்திரம் வாங்குவோர் அவர்களுள் ஒருவரையேனும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது இருவருக்கும் நன்மை.

இத்தகைய வேலை இஸ்லாமிய உலகிற்கு முற்றிலும் புதியதா? ஹிஜ்ரி 221இல் (கி.பி. 836) அப்பாஸிய கலீஃபா முஃதஸிம் ஸாமர்ரா நகரை நிறுவியபோது, மாளிகைகளும் வீடுகளும் பெருந்தொகையாக விரைந்து எழுந்தன. 1911 முதல் 1913 வரை அங்கே அகழ்ந்த ஏர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட், மண்சுவர்களை மூடியிருந்த சுண்ணச் சாந்து அலங்காரங்களை வகைப்படுத்தினார். அவற்றுள் சரிந்த விளிம்புகளுடைய ஒருவகை, அச்சுகளைக் கொண்டு அழுத்தி, ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் பதித்து உருவாக்குவதற்கு ஏற்றது என அறிஞர் கருதுகின்றனர். விரைவும் சிக்கனமும் கருதிய அச்சு வேலைதான் அது. பிற்கால உஸ்மானியக் கலைஞரோ, எழுத்தைத் தாளில் வரைந்து, அதன் ஓரங்களில் ஊசியால் துளையிட்டு, சுவரில் வைத்துக் கரித்தூளைத் தட்டுவர். தூள் படிந்த புள்ளிகளின் வழியே தூரிகை செல்லும். தாளில் இருப்பது சுவருக்கு ஏறுகிறது என்னும் அளவில் இன்றைய இயந்திரமும் அதே மரபைச் சேர்ந்ததே.

வேறுபாடு ஒன்று உண்டு. கரித்தூள் தட்டியவருக்கு எழுத்துத் தெரியும், இயந்திரத்திற்குத் தெரியாது. இப்னு முக்லா (ஹி. 328 / கி.பி. 940இல் மறைந்தவர்) எழுதுகோலின் நுனி இடும் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு ஒவ்வோர் எழுத்திற்கும் விகிதம் வகுத்தார். சுவர் அகலமாக இருக்கிறதே என்று கோப்பைப் பக்கவாட்டில் மட்டும் இழுத்துவிட்டால், அலிஃப் தடித்து, நூன் படகு போல் விரிந்து, அந்த விகிதம் சிதைந்துவிடும். இதுவேனும் அழகுக் குறைதான். இதனினும் பெரிய குறையொன்றை நாம் நேரிலேயே கண்டோம்.

மூன்றாண்டுகளுக்கு முன், அண்டை ஊர்ப் பள்ளிவாசல் ஒன்றில் ஆயத்துல் குர்ஸியை இத்தகைய இயந்திரத்தால் அச்சிட்டார்கள். இஷாவுக்குப் பின் தொடங்கிய வேலை நள்ளிரவில் முடிந்தது. பொன்னிறமும் பச்சையும் மிளிர்வதைக் கண்டு மகிழ்ந்து அனைவரும் வீடு சென்றனர். ஃபஜ்ருக்கு வந்த இமாம் அதை ஓதிப் பார்த்துத் திடுக்கிட்டார். எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நின்றன. வரிசையும் இடமிருந்து வலமாகப் போயிருந்தது. அரபு எழுத்தை இணைக்கும் வசதியற்ற வடிவமைப்பு மென்பொருளில் வாசகத்தை ஒட்டினால் நேரும் பிழை இது. அதைச் செய்தவருக்கு அரபு தெரியாது; தெரிந்தவர்கள் எவரும் அச்சிடுமுன் பார்க்கவில்லை. இமாம் நம்மையும் அழைத்திருந்தார். அந்த மை தண்ணீருக்குக் கரையவில்லை. சுரண்டியும் உப்புத்தாள் கொண்டு தேய்த்தும் எடுக்க இரண்டு நாட்கள் ஆயின. அல்லாஹ்வின் திருநாமம் அடங்கிய அந்தத் தூள் காலில் படாதிருக்க, கீழே வெள்ளைத் துணி விரித்துச் சேகரித்து, பள்ளிவாசலின் ஒரு மூலையில் புதைத்தோம். அத்துணியின் ஓரத்தைப் பிடித்து நின்ற நேரத்தை நம்மால் மறக்க இயலாது.

இமாம் நவவி (ரஹ்) (ஹி. 676 / கி.பி. 1277இல் மறைந்தவர்) தம் 'அத்திப்யான்' நூலில், குர்ஆனையும் அல்லாஹ்வின் திருநாமங்களையும் சுவர்களிலும் துணிகளிலும் பொறிப்பது ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ் என்று எழுதியிருப்பதன் பொருள் அன்றுதான் நம் நெஞ்சில் முழுமையாகப் பதிந்தது. ஹனஃபி ஃபுகஹாக்களும் சுவரில் எழுதுவதை விரும்பவில்லை. எழுத்து உதிர்ந்து மிதிபடும் என்பதே அவர்களுடைய அச்சம். உப்புப் பூத்த சுவரைக் கண்டவர்களுக்கு அந்த அச்சம் வீணானதன்று என்பது தெரியும். எனினும், ஹி. 72இல் ஜெருஸலத்தின் குப்பத்துஸ் ஸக்ராவினுள் பதிக்கப்பட்ட எழுத்து வரிசை தொடங்கி, தாஜ்மஹாலில் அமானத் கான் எழுதியவை வரை, முஸ்லிம்களின் வழக்கம் வேறு திசையிலும் சென்றிருக்கிறது. அவை கண்ணாடித் துண்டுகளாலும் கல்லில் பதித்த கல்லாலும் ஆனவை. நூற்றாண்டுகள் கடந்தும் நிற்பவை. ஒரு மைப்படலத்தை அவற்றோடு ஒப்பிட்டுச் சமாதானம் கூறிக்கொள்ள முடியாது.

பள்ளிவாசலை அலங்கரிப்பதிலும் இதே நிதானம் வேண்டும். மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பிக்கச் செய்த உமர் (ரலி) அவர்கள், மக்களை மழையிலிருந்து காக்கும்படியும், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்கள் கவனத்தைக் குலைக்க வேண்டாம் என்றும் கட்டளையிட்டதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லும் சுண்ணச் சாந்தும் தேக்குக் கூரையும் கொண்டு அதே பள்ளியை விரித்துக் கட்டினார்கள். ஹிதாயாவின் ஆசிரியர் இமாம் மர்கீனானி (ரஹ்) (ஹி. 593 / கி.பி. 1197இல் மறைந்தவர்) இவ்விஷயத்தில் ஒரு நுட்பமான கோடு போடுகிறார். பள்ளிவாசலை அலங்கரிப்பதில் குற்றமில்லை. ஆனால் அது ஒருவர் தம் சொந்தப் பொருளிலிருந்து செய்வதானால் மட்டுமே. முதவல்லி வக்ஃபுப் பொருளைக் கட்டடத்தின் உறுதிக்கே செலவிட வேண்டும். அலங்காரத்திற்குச் செலவிட்டால் அவர் ஈடு கொடுக்க வேண்டும். பள்ளிவாசலில் வேலை ஒப்புக்கொள்ளும் இயந்திரக்காரர், "பணம் யாருடையது?" என்று முதலில் கேட்பது அவருடைய தொழிலின் தூய்மைக்கும், முதவல்லியின் மறுமைக்கும் நல்லது.

வாடிக்கையாளரில் பெரும்பாலோர் பள்ளிவாசல்களாக இருக்கப் போவதில்லை. உணவகம், மருத்துவமனை, மழலையர் பள்ளி, வீட்டு வரவேற்பறை ஆகியவையே இத்தொழிலுக்குச் சோறு போடும். அங்கே யானையும் மயிலும் மனித முகமும் கேட்பார்கள். படம் வரைவதே தம் பிழைப்பு என்று வந்து நின்ற ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வேறு வழியில்லையெனில் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையும்படி கூறியது புகாரியின் வணிகப் பாடத்திலேயே இடம்பெறுகிறது. பிழைப்பு என்ற சொல்லுக்கு அந்த ஸஹாபி செவி சாய்த்து, செய்யத்தக்க வேலை எது என்றும் காட்டிக் கொடுத்தார்கள். புகைப்படம் குறித்து இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை. ஆனால் காடும் கடலும் பூவேலையும் வடிவியல் கோலங்களும் கொண்டே ஒரு மாதிரிப் புத்தகத்தை நிரப்பிவிட முடியும்.

இனி, மாணவர் மறந்திருந்த பாடம். ஹிதாயாவின் கூலி ஒப்பந்தப் பகுதியில் சாயக்காரரைப் பற்றிய சட்டங்கள் வருகின்றன. சாயம் அவருடையது, உழைப்பும் அவருடையது, துணி மட்டும் பிறருடையது. சுவர் அச்சும் ஏறத்தாழ இவ்வாறே. "நான் சிவப்புச் சாயம் சொன்னேன், நீர் மஞ்சள் ஏற்றிவிட்டீர்" என்று துணிக்காரரும், "மஞ்சள்தான் சொன்னீர்" என்று சாயக்காரரும் வழக்கிட்டால், சத்தியத்தோடு துணிக்காரரின் சொல்லே ஏற்கப்படும். கணினித் திரையில் தெரிந்த நிறம் சுவரில் வேறாகத் தெரிவது இத்தொழிலின் அன்றாடச் சச்சரவு. ஆகவே அந்தச் சுவரிலேயே ஒரு சாண் அளவுக்கு மாதிரி அச்சிட்டு, அதன் புகைப்படத்தின் மீது இருவரும் கையெழுத்திட்ட பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் தொழிலாளியின் பொறுப்பைப் பற்றியும் அங்கே பேசப்படுகிறது. அவர் செயலால் பொருள் கெட்டால், சலவைக்காரர் அடித்ததில் துணி கிழிந்தது போல, அவர் ஈடு தர வேண்டும். அவர் செயலின்றிக் கெட்டால் ஈடில்லை என்பார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவருடைய மாணவர் இருவரும், தவிர்க்க இயலாத பேரிடர் நீங்கலாக, ஈடு உண்டு என்பர். வரம்பு மீறினாலன்றி ஈடில்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. துணி சாயக்காரரின் கைக்கு வருகிறது, சுவரோ உரிமையாளரிடமே இருக்கிறது என்ற வேறுபாட்டை முஃப்திகள் கவனிக்க வேண்டும். எப்படியாயினும், சுவரின் ஈரத்தைச் சோதிப்பது யார் பொறுப்பு, மை உரிந்தால் எத்தனை மாதம்வரை மீண்டும் செய்து தரப்படும் என்பவற்றை எழுதி வைத்தால் வழக்குக்கு இடமிராது.

முதலீட்டைப் பற்றி ஒரு சொல். கணக்கிற்காக, இயந்திரம் ஆறு லட்சம் ரூபாய் என்றும் அதன் ஆயுள் ஐந்தாண்டு என்றும் கொள்வோம். மாதம் பத்தாயிரம் ரூபாய் தேய்மானம். மாதம் 500 சதுர அடி வேலை கிடைத்தால் அடிக்கு 20 ரூபாய். 100 சதுர அடியே கிடைத்தால் அடிக்கு 100 ரூபாய். மையும் கூலியும் பயணமும் இதற்கு மேல். மையின் விலையைப் பேசிக்கொண்டிருப்பதைவிட, வேலை எங்கிருந்து வரும் என்று பார்ப்பதே முதற்கணக்கு. மைத்துனரின் பணத்தைக் கடனாகக் கொள்வதைவிட முளாரபாவாகக் கொள்வது நன்று என்றோம். இலாபம் பேசிய விகிதத்தில் பிரியும். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணமும், உழைத்தவருக்கு உழைப்பும் போகும். இதை மைத்துனரிடம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் வற்புறுத்தினோம். உறவினர்களிடம் சொல்லாமல் விடுவதுதான் நம் வழக்கம்.

மாணவர் இன்னும் இயந்திரம் வாங்கவில்லை. நாம் பார்த்து வந்த இடத்திலேயே, வாரத்தில் மூன்று நாட்கள் கூலிக்கு வேலை செய்கிறார். வெள்ளை மையைக் குலுக்குவதும் சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அவருடைய பணி. அரபு வாசகம் எது வந்தாலும், மதீனாவின் மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சகம் கணினிக்காக வெளியிட்டுள்ள எழுத்துருவில் அதை அமைத்து, படமாக மாற்றி, தாளில் அச்செடுத்து, ஒரு ஹாஃபிளிடம் ஓதக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பின்னரே இயந்திரத்தில் ஏற்ற வேண்டும் என்று அங்கே ஒழுங்கு செய்திருக்கிறார். சென்ற வாரம் ஒரு திருமண மண்டபத்திற்கான துஆவோடு நம்மிடம் வந்தார். இரண்டாம் வரியில் ஒரு ஷத்து விடுபட்டிருந்தது. சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் திருத்திய தாளைக் கொண்டு வந்தார்.