முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

வயலில் குனிந்து நிற்போரும், நெல் மூடை சுமப்போரும், தோணி தள்ளுவோரும் வாழும் நம் வாவிக்கரைக் கிராமங்களில் முதுகு நோவு புதிதல்ல. முள்ளந்தண்டின் இடைத்தட்டு விலகி நரம்பை நெரிப்பதால் சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படுகின்றது. பெரும்பாலானோர் சுகமடைகின்றனர். எனினும் ஒரு சிலருக்கு ஏற்படும் இரண்டு சிக்கல்களை வீட்டாரும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் இவை வீடு திரும்பிய பின்பும் தோன்றலாம்.

நீர்க் கசிவு

மூளையும் முண்ணாணும் தெளிந்த நீரொன்றினால் சூழப்பட்டுள்ளன. வளர்ந்தவர் உடலில் இந்நீர் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் உண்டு. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் புதிதாக ஊற, பழையது உறிஞ்சப்படுகின்றது. இந்நீரை வெளியேறாமல் காப்பது டூரா எனப்படும் உறுதியான உறையாகும். சத்திரசிகிச்சையின்போது, சிறப்பாக முன்பு ஒருமுறை வெட்டிய இடத்தில், இவ்வுறை கிழியக்கூடும். வைத்தியர் கண்டால் அப்போதே தைத்துவிடுவார். கண்ணிற் படாத சிறு கிழிசல் பின்னர் கசியலாம்.

வாவியில் நீர் வற்றினால் தோணி தரைதட்டும் அல்லவா? அதுபோல இந்நீர் குறைந்தால், நாம் நிமிரும்போது மூளை சற்றுக் கீழிறங்கித் தன் உறைகளை இழுக்கின்றது. ஆகவே எழுந்து இருந்தால் தலை இடிக்கும், படுத்தால் குறையும். 1898இல் ஓகஸ்ட் பியர் என்ற ஜேர்மனிய வைத்தியர் விறைப்பு மருந்தைப் பரீட்சிக்கத் தம் முதுகிலேயே ஊசி ஏற்றச் செய்தார். நீர் ஒழுகிப்போனதால் பல நாட்கள் இதே தலையிடியுடன் படுக்கையில் கிடந்தார்.

சிறு கசிவு படுக்கை ஓய்வுடன் நின்றுவிடலாம். நிற்காவிட்டால் மீண்டும் தைக்க நேரிடும். கசியும் வழியாகக் கிருமி உட்புகுந்தால் மூளைக் காய்ச்சல் உண்டாகி உயிராபத்து நேரலாம்.

நரம்புப் பாதிப்பு

நரம்பு இழுபட்டால் காலில் விறைப்போ, பாதத்தைத் தூக்க முடியாமையோ ஏற்படலாம். இது பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும். ஆனால் உள்ளே இரத்தம் கட்டி நரம்புக் கற்றையை நெரித்தால் தாமதிக்கவே கூடாது. விரைவில் நெரிவை அகற்றாவிட்டால் சலம், மலத்தை அடக்கும் சக்தி நிரந்தரமாகவே போய்விடலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்:

1. காயத்திலிருந்து தண்ணீர்போல் கசிதல், அல்லது காயத்தருகே வீக்கம்.
2. எழுந்தால் கூடி, படுத்தால் குறையும் தலையிடி.
3. காய்ச்சல், கழுத்து விறைப்பு, வாந்தி, மயக்கம்.
4. சலம் போகாமை, அல்லது அறியாமலே போதல். மலவாசலைச் சுற்றி உணர்வின்மை.
5. கால்களின் பலம் குறைந்துகொண்டே போதல்.

காயத்தில் எண்ணெயோ பத்தோ போடாதீர்கள். முறிவு வைத்தியரிடம் முதுகை நீவவும் வேண்டாம். தலையிடிக்கு வெறும் குளிசையைப் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்த வேண்டாம். நோயாளியைப் படுத்த நிலையிலேயே கொண்டுசெல்லுங்கள். முச்சக்கர வண்டியில் குலுங்க விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். கிளினிக் கொப்பியையும் சத்திரசிகிச்சைத் துண்டையும் மறவாதீர்கள்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் படுவான்கரையிலிருந்து நகருக்கு வருவது எளிதாகிவிட்டது. இன்று தாமதத்துக்குப் பெருங்காரணம் தூரமன்று; "சலம் போகவில்லை" என்று சொல்ல வெட்கப்படுவதும், "விடிந்தால் பார்ப்போம்" என்று இருந்துவிடுவதுமே. நோயாளி சொல்லாவிட்டால் வீட்டார்தான் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி அவரை மீண்டும் நடக்கச் செய்யலாம்.