நாயின் வாய் தொங்கினால் கையை விடாதீர்கள்

"எலும்பு மாட்டிக்கிச்சு போல, எடுத்து விடுவோம்" என்று வளர்க்கிற நாயின் வாய்க்குள் கையை விடுகிறவர்கள் லயங்களில் உண்டு. எலும்பு மாட்டுவதும் நடக்கிறதுதான். பல் சொத்தை, முரசு வீக்கம் என்றால் வாய் நாறும், ஒரு பக்கமாகவே மெல்லும். அதை மிருக வைத்தியரிடம் காட்டலாம்.

ஆனால் தாடையை மூட முடியாமல், எச்சில் ஒழுகி, தண்ணீரும் விழுங்க முடியாமல், குரலும் மாறியிருந்தால் அது விசர் நோயாக இருக்கலாம். விசர் நாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். சில நாய்கள் மூலையில் சும்மா படுத்திருக்கும். எலும்பா விசரா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது வைத்தியருக்கே கஷ்டம். கிருமி இருப்பது எச்சிலில். கொழுந்தெடுக்கிற கையில் கீறல் இல்லாத நாள் ஏது?

கையில் எச்சில் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் தடவ வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசிக்குக் காசு இல்லை. பேர் போய்விடுமே என்று மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். நோய் கண்டபின் ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

நாயை அடைத்து வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். செத்துப்போனால் உடனே புதைத்துவிடாதீர்கள். தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்துச் சொல்வார்கள்.