சத்தம் போடாத கோளாறு

கட்டில் போட்டாயிற்று, அடுப்பு பொருத்தியாயிற்று, கூரையில் சோலார் பேனலும் ஏறிவிட்டது. ஆறு மாதமாக வாசலில் நின்ற பேருந்தை முதன்முதலாகச் சாலைக்கு எடுக்கும் நாள். எஞ்சின் உறுமுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் ஓர் அங்குலம்கூட நகர மறுக்கிறது. அமெரிக்காவில் பழைய பேருந்தை ஏலத்தில் எடுத்து ஓடும் வீடாக மாற்றிக்கொள்பவர்கள் பலருக்கு ஏர் பிரேக்குடன் முதல் அறிமுகம் இப்படித்தான் நடக்கிறது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே பள்ளிப் பேருந்தையோ சுற்றுலாப் பேருந்தையோ ஓட்ட வேண்டுமானால் வணிக வாகன உரிமம் தேவை. அதற்கான தேர்வில் ஏர் பிரேக் தனிப் பாடம். அதே பேருந்தை வீட்டு வண்டி என்று பதிவு செய்துவிட்டால், பல மாநிலங்களில் சாதாரண கார் உரிமமே போதும். வண்டி கைமாறுகிறது, அதை ஓட்டியவரின் படிப்பு கைமாறுவதில்லை.

காரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. பேருந்தில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. எஞ்சினோடு சுழலும் கம்ப்ரஸர் காற்றை டேங்குகளில் நிரப்பும். அழுத்தம் 125 பவுண்டை எட்டும்போது கவர்னர் என்ற சிறு கருவி கம்ப்ரஸரை ஓயவைக்கும். 100 பவுண்டுக்கு இறங்கியதும் மறுபடி வேலைக்கு அனுப்பும். டயருக்குக் காற்றடிக்கும் கடையில் சொல்லும் அதே பவுண்டுதான், சதுர அங்குலத்துக்கான கணக்கு. பெடலை மிதித்தால் டேங்கிலிருந்து காற்று சக்கரத்துக்கு அருகில் உள்ள பிரேக் சேம்பருக்குப் பாய்ந்து, ஒரு ரப்பர் டயாஃப்ரத்தைத் தள்ளுகிறது. அதன் பரப்பு 30 சதுர அங்குலம் என்றால் 100 பவுண்டு அழுத்தத்தில் 3,000 பவுண்டு விசை, அதாவது சுமார் 1,360 கிலோ, ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி ஒரு நெம்புகோலைத் திருப்ப, எஸ் வடிவ கேம் சுழன்று பிரேக் ஷூக்களை ட்ரம்மோடு அழுத்தும்.

காற்றே இல்லாமல் போனால்? ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்காகக் காப்புரிமை பெற்ற முதல் ஏர் பிரேக்கில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. குழாய் அறுந்தால் பிரேக்கும் போயிற்று. 1872-இல் அவர் அதைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்று இருக்கும்வரை ரயில் ஓடும், காற்று குறைந்தால் பிரேக் தானே பிடிக்கும். இன்றைய பேருந்தின் கால் பிரேக் அந்த வகை அல்ல. ஆனால் அதன் பார்க்கிங் பிரேக்கில் இதே சிந்தனைதான் இருக்கிறது. பின் சக்கரச் சேம்பருக்குள் கனத்த சுருள்வில் ஒன்று எப்போதும் பிரேக்கைப் பிடிக்கவே முயன்றுகொண்டிருக்கும். காற்று அதை அமுக்கிப் பின்னால் வைத்திருக்கும். அழுத்தம் 60 பவுண்டுக்குக் கீழே போகும்போது எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். 45-க்கும் 20-க்கும் இடையில் எங்கோ ஓட்டுநர் அருகில் உள்ள குமிழ் தானாக வெளியே துள்ளி, சுருள்வில் சக்கரத்தைப் பூட்டிவிடும்.

ஆகவே நகராத பேருந்து பெரும்பாலும் கெட்டுப்போன பேருந்து அல்ல, தன் கடமையைச் செய்யும் பேருந்து. டேங்க் நிரம்பும்வரை பொறுத்திருந்தாலே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். நிரம்பியும் நகராவிட்டால், மாதக்கணக்கில் நின்றதில் ஷூக்கள் துருவேறி ட்ரம்மோடு ஒட்டியிருக்கலாம்.

பழைய எம்சிஐ, ஜிஎம்சி நெடுந்தூரப் பேருந்துகளை வாங்கியவர்களுக்கு இன்னொரு புதிர் காத்திருக்கிறது. அவற்றில் பலவற்றில் டிடி3 என்ற சேம்பர் இருக்கும். அதில் சுருள்வில் கிடையாது. பார்க்கிங் பிரேக்கைக் காற்றே பிடிக்கும், பிடித்த கம்பியைச் சிறு உருளைகள் இறுக்கிப் பூட்டும். குமிழை உள்ளே தள்ளினால் மட்டும் பூட்டு திறக்காது. தள்ளிவிட்டுக் கால் பிரேக்கை நன்றாக ஒருமுறை மிதிக்க வேண்டும். அப்போதுதான் உருளைகள் விலகும். இந்த ஒரு மிதி தெரியாமல் சேம்பரையே மாற்றக் கிளம்புகிறார்கள்.

அடுத்த புகார், நிறுத்திவைத்தால் காற்று இறங்கிவிடுகிறது என்பது. சுக்குச் சுக்காகக் கழற்றுவதற்கு முன்னால் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது. தரை சமமாக இருக்க, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, டேங்கை நிரப்பி, எஞ்சினை அணைத்துப் பார்க்கிங் குமிழை உள்ளே தள்ள வேண்டும். ஒற்றை வண்டியில் நிமிடத்துக்கு 2 பவுண்டுக்கு மேல் இறங்கக்கூடாது. பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது 3 பவுண்டு. எப்போது சீறுகிறது என்பதே பாதி நோயறிதல். மிதித்தால் மட்டும் சீறினால் கோளாறு கால் பிரேக் பக்கம்: சேம்பர் டயாஃப்ரம், ஹோஸ், அல்லது பெடலுக்குக் கீழே உள்ள வால்வு. எந்த நிலையிலும் ஓயாமல் இறங்கினால் டேங்க், கவர்னர், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் பக்கம் போகலாம். பிறகு பஞ்சர் கடைக்காரரின் பழைய வித்தை, சோப்பு நுரை.

இதில் ஒரு பொறி உண்டு. பார்க்கிங் பிரேக்கை விடுவித்ததும், பெடலின் கட்டளைப்படி பின் சக்கரங்களுக்குக் காற்றைத் திறந்துவிடும் ரிலே வால்வின் வாயிலிருந்து காற்று சீறுகிறது, மறுபடி பிடித்தால் நின்றுவிடுகிறது. வால்வுதான் போய்விட்டது என்று புதியதை வாங்கிப் போடுவார்கள். சீற்றம் அப்படியே இருக்கும். உண்மையில் சுருள்வில் இருக்கும் அறைக்கும் கால் பிரேக் அறைக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்திருக்கிறது. அங்கே கசியும் காற்று குழாய் வழியே திரும்பி வந்து, திறந்திருக்கும் ரிலே வால்வில் வெளியேறுகிறது. வாய் ஓரிடம், புண் வேறிடம். அந்தச் சேம்பரை மாற்றலாம், பிரிக்கத்தான் கூடாது. உள்ளே சுருண்டிருக்கும் வில் ஏறத்தாழ ஒரு டன் விசையை அடக்கிவைத்திருக்கிறது. சேம்பரை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அதேபோல், காற்றுப் பை மேல் நிற்கும் பேருந்துக்கு அடியில் தாங்குகட்டைகள் இல்லாமல் புகுவதும் கூடாது. காற்று இறங்கினால் வண்டியும் இறங்கும்.

வீடாக்கும் வேலையே சில கோளாறுகளைப் பெற்றெடுக்கிறது. பலகை பதிக்க அடித்த திருகு தரையைத் துளைத்து நைலான் காற்றுக் குழாயில் இறங்குகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு இடம் தேடி நகர்த்திய ஹோஸ், சைலன்சர் சூட்டில் மெல்ல இளகுகிறது. ஹாரனுக்கும் கதவுக்கும் பிரேக் டேங்கிலிருந்தே காற்று எடுப்பவர்கள், அழுத்தம் குறைந்தால் அந்தக் கிளையை மூடிவிடும் பாதுகாப்பு வால்வைச் சேர்க்க மறந்துபோகிறார்கள். ஹாரன் குழாய் அறுந்தால் பிரேக்கின் காற்றும் கூடவே போகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கம்ப்ரஸர் இணைப்புகளை இங்கே மாட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. வண்டி பிரேக்குக்கென்று தரம் வகுத்த குழாய்களும் இணைப்புகளும் தனியே இருக்கின்றன.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சைக்கிள் பம்பு அடிக்கும்போது அடிப்பகுதி சுடுமே, கம்ப்ரஸரிலும் அதுதான். சூடான காற்று டேங்கில் குளிரும்போது அதிலிருந்த ஈரம் தண்ணீராக இறங்கும். ஏர் டிரையரின் மணிகள் அதை உறிஞ்சி, டேங்க் நிரம்பும்போதெல்லாம் ‘புஸ்’ என்று துப்பிவிடும். ஓடாமல் நிற்கும் வண்டியில் இந்தச் சுழற்சி இல்லை. டேங்க் அடியில் உள்ள திறப்பைத் திறந்து பார்த்தால் வெறும் தண்ணீர் வருவது பரவாயில்லை. கருத்த எண்ணெய்க் குழம்பு வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது, டிரையரும் அதோடு பாழாகியிருக்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சீறும், மணியடிக்கும், வண்டியை நிறுத்திவைக்கும். எனக்குப் பயம் தருவது இவை எதையும் செய்யாத கோளாறு. ஷூ தேயத் தேய, அது ட்ரம்மைத் தொடக் கம்பி இன்னும் கொஞ்சம் நீள வேண்டியிருக்கிறது. அழுத்தமானியில் 120 பவுண்டு நிலையாக நிற்கும், கசிவு இருக்காது, ஊருக்குள் வண்டி ஒழுங்காகவே நிற்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை 11,000 அடிக்கு மேல் உள்ள ஐசன்ஹவர் சுரங்கப்பாதை வழியாக ராக்கி மலைத்தொடரைக் கடக்கிறது. அங்கிருந்து நெடுந்தூரம் இறங்கும்போது ட்ரம் சூடேறி விரிகிறது. விரிந்த ட்ரம்மை எட்டக் கம்பி மேலும் நீள வேண்டும்; ஏற்கெனவே எல்லையில் இருந்த கம்பி சேம்பரின் முனையில் முட்டி நின்றுவிடும். டேங்க் நிறையக் காற்று இருந்தும் சக்கரத்தில் பிடி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு சாக்பீஸ் போதும். கசிவுச் சோதனைக்கு நின்ற அதே ஏற்பாடு: கட்டை போட்ட சக்கரங்கள், அணைத்த எஞ்சின், உள்ளே தள்ளிய குமிழ், 90-இலிருந்து 100 பவுண்டு வரை அழுத்தம். கம்பி சேம்பரை விட்டு வெளிவரும் இடத்தில் ஒரு கோடு. ஒருவர் மேலே பெடலை முழுக்க மிதிக்க, மற்றவர் கீழே கோடு எவ்வளவு தள்ளிப்போகிறது என்று அளக்க வேண்டும். வழக்கமான 30 சதுர அங்குலச் சேம்பருக்கு எல்லை 2 அங்குலம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அளக்க வேண்டும், ஒன்றில் சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று ஆகாது.

அளவு கூடியிருந்தால் ஸ்பானரை எடுத்துத் திருகக் கை துறுதுறுக்கும். கம்பி திருப்பும் அந்த நெம்புகோலுக்கு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்று பெயர்; பழைய கைத்திருகு வகையில் அது சரியான வைத்தியம். 1994 அக்டோபருக்குப் பிறகு அமெரிக்காவில் தயாரான வண்டிகளில் தானே சரிசெய்துகொள்ளும் வகைதான் இருக்கும். அதைக் கையால் திருகினால் அளவு அன்றைக்கு 2 அங்குலத்துக்குள் வந்துவிடும். தானே சரிசெய்ய முடியாமல் போனதன் காரணம் அப்படியே உள்ளே இருக்கும். தேய்ந்த புஷ், இறுகிப்போன பின், அளவு மாறிப் பொருத்திய கம்பி, உள்ளே தேய்ந்துபோன அட்ஜஸ்டர் என்று அதில் ஒன்றைத் தேடிப் பிடிக்கும்வரை அந்தப் பேருந்து வாசலிலேயே நிற்கட்டும்.