கணனிகளிடையே படங்கள்: மாற்றத்தில் எதை இழக்கிறோம்?

1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவ்வழிவுக்கு எரித்தவர்கள் இருந்தார்கள். ஆகவே நாம் அதை இன்றும் பேசுகிறோம், எழுதுகிறோம். நெருப்பும் எதிரியும் இல்லாமல் எமது வீடுகளுக்குள்ளேயே நடக்கும் இன்னோர் அழிவைப் பற்றி நாம் பேசுவது குறைவு. புலம்பெயர் சஞ்சிகைகளுக்காக எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் கணனியில் ஏற்றப்பட்ட படங்கள் இன்று திறக்க முடியாத கோப்புகளாகக் கிடக்கின்றன.

சிட்னியில் ஹரிஸ் பார்க்கில் வசிக்கும் நண்பரொருவரின் கராஜில் இத்தகைய பிளொப்பி டிஸ்க்குகள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய உள்ளன. அட்டைப்பட ஓவியங்கள், ஊர்வலங்களின் புகைப்படங்கள், முகாம்களிலிருந்து வந்த படங்கள் என்று மேலே எழுதப்பட்டிருக்கிறது. மூலப் பிரதிகள் வீடு மாறி வீடு மாறித் தொலைந்துவிட்டன. சஞ்சிகைகளைத்தான் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினர் ஸ்கான் செய்து பாதுகாக்கிறார்களே, இப்பெட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அச்சிட்ட பக்கத்தில் இருப்பது புகைப்படமன்று. அதன் கறுப்புப் புள்ளிகள் மட்டுமே. அன்று ஸ்கானர் கண்டதற்கு மிக அண்மையில் இருப்பது இந்தக் கோப்புத்தான்.

இதனைத் திறக்க முயல்பவர் நான்கு தடைகளைக் கடக்க வேண்டும்.

முதலாவது, டிஸ்க். அப்பிள் நிறுவனத்தின் ஆரம்பகால மக்கின்ரோஷ் கணனிகள் 400, 800 கிலோபைட் டிஸ்க்குகளைச் சுழலும் வேகத்தை மாற்றி மாற்றி எழுதின. ஐ.பி.எம். வகைக் கணனியின் சாதாரண இயக்கியால் அவற்றை வாசிக்க இயலாது. பழைய மக்கின்ரோஷ் ஒன்றோ, காந்தப் பதிவை நேரடியாகப் பிரதி எடுக்கும் தனிக் கருவியோ தேவை. பின்னர் வந்த 1.44 மெகாபைட் டிஸ்க்குகளை எந்த இயக்கியும் வாசிக்கும். ஆனால் அவற்றின் ஒழுங்கமைப்பைப் புரிந்துகொள்ள மென்பொருள் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 2019இல் வெளியிட்ட இயங்குதளத்தில் அப்பிள் நிறுவனமே தனது இந்தப் பழைய ஒழுங்கமைப்பை வாசிக்கும் வசதியை நீக்கிவிட்டது.

இரண்டாவது, கோப்பின் உருவம். மக்கின்ரோஷ் கோப்புக்கு இரண்டு கிளைகள் உண்டு: ஒன்றில் தரவு, மற்றதில் துணைப்பொருட்கள். இது எவ்வகைக் கோப்பு, எந்த மென்பொருள் எழுதியது என்ற அடையாளமும் தனியே குறிக்கப்பட்டிருக்கும். சாதாரண ஐ.பி.எம். டிஸ்க்குக்குப் பிரதி செய்கையில் தரவு மட்டும் போய்ச் சேரும். பெயரும் எட்டு எழுத்தாகக் குறுகிவிடும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்தவர்கள் அநேகர். அக்குறிப்பு அத்தோடு போயிற்று.

மூன்றாவது, பைட் ஒழுங்கு. மக்பெயின்ற் படமொன்றின் அகலம் 576 புள்ளி. இந்த எண்ணை எழுத இரண்டு பைட் வேண்டும்: 2, 64. அதாவது 2 தடவை 256, மேலும் 64. அன்றைய மக்கின்ரோஷின் மொற்றொறோலா சில்லு பெரிய பகுதியை முதலில் எழுதும். ஐ.பி.எம். கணனியின் இன்ரெல் சில்லு சிறிய பகுதியை முதலில் எழுதும். ஒன்று எழுதியதை மற்றது தன் வழக்கப்படி வாசித்தால் 576 என்பது 16,386 ஆகிவிடும். 1986இல் அல்டஸ் நிறுவனம் வெளியிட்ட 'ரிஃப்' வடிவம் இதற்கு நேர்மையான தீர்வொன்றைக் கண்டது. கோப்பின் முதலிரு எழுத்துகள் 'ஐஐ' எனில் இன்ரெல் ஒழுங்கு. 'எம்எம்' எனில் மொற்றொறோலா ஒழுங்கு. நான் எவ்வாறு எழுதப்பட்டேன் என்று கோப்பே சொல்லிவிடுகிறது.

இவ்விரு ஒழுங்குகளுக்கும் 1980இல் டனி கோஹென் என்ற கணனி அறிஞர் பெயர் சூட்டினார். 1726இல் வெளிவந்த ஸ்விஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' நூலிலிருந்து அவர் அப்பெயரை எடுத்தார். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று அங்கே போர் நடக்கிறது. பெரிய முனைக்காரர்கள் தோற்று, அயல்நாட்டில் அகதிகளாகத் தஞ்சம் புகுகிறார்கள். சில்லுகளின் போரிலும் பெரிய முனைக் கோப்புகளே இன்று அகதிகள் என்பதை நாம் கவனிக்கலாம்.

நான்காவது தடையே சிக்கலானது. மக்கின்ரோஷின் 'பிக்ற்' கோப்பு பெரும்பாலும் புள்ளிகளின் தொகுப்பன்று. அது கட்டளைகளின் வரிசை. இங்கே கோடு போடு, இங்கே இப்படத்தை வை, இங்கே இன்ன எழுத்துருவில் இதை எழுது என்று அது சொல்லும். அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தவை. பாமினி முறையில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே பதிவாகியிருக்கும். எழுத்துரு இல்லாத கணனியில் மாற்றினால் சுவரொட்டியின் வாசகம் ஆங்கிலக் குப்பையாகப் படத்தில் உறைந்துவிடும். ஆகவே எழுத்துருவைக் கண்டுபிடித்த பின்னரே மாற்ற வேண்டும்.

இதிலிருந்து இன்னொரு விடயமும் எழுகிறது. ஊரில் உறவினர்கள் இருந்த காரணத்தால் பலரின் முகங்களைக் கறுப்புப் பெட்டியால் மறைத்துப் பிரசுரித்தோம். பெயின்ற் வகை மென்பொருளில் மறைத்திருந்தால் முகம் அழிந்துவிட்டது. வரைதல் வகை மென்பொருளில் மறைத்திருந்தால் பெட்டி மேலே, முகம் கீழே அப்படியே இருக்கிறது. மூலக் கோப்பை அப்படியே பகிரங்கப்படுத்துபவர் அம்முகத்தையும் பகிரங்கப்படுத்துகிறார். வெறும் புள்ளிப்படமாக மாற்றி மூலத்தை எறிபவரோ அதை என்றைக்குமாக அழிக்கிறார். எதைச் செய்வது என்பது தொழில்நுட்பக் கேள்வியன்று. அது அந்த முகத்துக்குரியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

மாற்றுவதற்கான வழி எண்பதுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பத்து வடிவங்கள் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் மற்றவைக்கு மாற்ற 90 மாற்றிகள் தேவை. ஜெஃப் பொஸ்கன்சர் என்பவர் மின்னஞ்சலில்கூட அனுப்பக்கூடிய மிக எளிய வடிவமொன்றை நடுவே வைத்தார். எல்லாம் அதற்குள் வந்து அதிலிருந்து வெளியே போவதானால் 20 மாற்றிகள் போதும். இவ்வழியில் வளர்ந்த நெற்பிபிஎம் தொகுதியில் 'பிக்ற்', மக்பெயின்ற் கோப்புகளை வாசிக்கும் கருவிகள் உண்டு. அது இலவசம்; அதன் மூலநிரலும் வெளிப்படை.

எந்த வடிவத்திற்கு மாற்றுவது? 'ஜிஃப்' 256 நிறங்களுக்கு மேல் ஏற்காது. அதன் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை கொண்டிருந்த யுனிசிஸ் நிறுவனம் 1994 இறுதியில் மென்பொருள் செய்வோரிடம் கட்டணம் கேட்கத் தொடங்கியது. அதற்குப் பதிலாக 1996இல் வந்த 'பிஎன்ஜி' எவருக்கும் சொந்தமற்றது. ஒரு புள்ளியையும் இழக்காதது. 'ஜேபெக்' பொதுவாக ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் சிறிது நுணுக்கத்தைக் கைவிடும். பார்வைக்கு அது போதும், பாதுகாப்புக்குப் போதாது. ஒளிர்வையும் கவனிக்க வேண்டும். மக்கின்ரோஷ் திரைகள் 2009 வரை வேறு அளவில் ஒளிர்ந்தமையால் அதில் சரிபார்த்த படம் மற்றக் கணனியில் இருண்டு தெரியும். எமது கறுத்த முகங்கள் வெறும் நிழலாகிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் டிஸ்க் முழுவதையும் ஒரே பிரதியாக எடுத்து, அதில் எதையும் திருத்தாமல் வைக்க வேண்டும். பின்னர் 'ரிஃப்' அல்லது 'பிஎன்ஜி' வடிவில் இன்னொரு பிரதி. கூடவே சாதாரண எழுத்தில் ஒரு குறிப்பு: பழைய பெயர், எழுத்துரு, மாற்றியவர், மாற்றிய திகதி, மறைக்கப்பட்ட முகம் உண்டா என்ற விபரம். மூலப் பிரதியை யார் பார்க்கலாம் என்பதைச் சஞ்சிகைக் குழுவினரும் படத்தில் உள்ளவர்களும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். அவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. டிஸ்க்கின் காந்தப்பூச்சும் அவர்களைப் போலவே காத்திராது.